மனத்தைக் கேட்ட மருத்துவர்

கொல்கத்தாவில் படிக்கும் நம் தமிழ் மாணவருள் ராஜாபஜார் அறிவியல் கல்லூரியை அறியாதவர் இரார். சி. வி. இராமன் அரசாங்கக் கணக்குத் துறையின் பெரிய பதவியை உதறிவிட்டு, 1917-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார் என்ற செய்தியை நாம் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். அதே ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தில், முப்பது வயதான ஒரு மருத்துவர் இளைஞரோடு இளைஞராக அமர்ந்து தேர்வு எழுதி, உளவியலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவர் வாழ்ந்த வீடு அக்கல்லூரிக்குப் பக்கத்திலேயே பார்சிபகான் சந்தில், 14-ஆம் எண்ணில் இருக்கிறது. அவர் பெயர் கிரீந்திரசேகர போஸ். வங்காளத்தில் புகழ் பெற்ற பெயர். நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய பெயர்.

நான் அவர் வரலாற்றைத் தேடிச் சென்றது வெறும் ஆவலால் அன்று. எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டிருந்தது. கொல்கத்தாவில் வாழும் தமிழ்ச் சிறுவர்கள் வங்க எழுத்தை எவ்வாறு கற்றுக் கொள்கிறார்கள் என்பதே என் ஆராய்ச்சிப் பொருள். பொருளைத் தேர்ந்துவிட்டேன். அதை எந்த வழியில் ஆராய்வது? பல சிறுவர்களுக்கு ஒரே தேர்வு வைத்து, மதிப்பெண்களைக் கணக்கிட்டு முடிவு காண்பதா? அல்லது ஓரிரு சிறுவர்களின் அருகில் மாதக்கணக்கில் அமர்ந்து கவனிப்பதா? விடுதி நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினர். எண்ணிப் பாராத ஆராய்ச்சி கதையாகிவிடும் என்றது ஒரு கட்சி. ஆளைப் பாராத ஆராய்ச்சி கணக்குப்பிள்ளை வேலையாகிவிடும் என்றது மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருப்பதாகத் தோன்றியதால் எனக்குக் குழப்பமே மிஞ்சியது. இந்த இரு வழிகளுக்கும் நடுவே ஓர் ஆயுளையே கழித்தவர் இந்த ஊரில் இருந்தார் என்று அறிந்தபோது, அவர் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

கிரீந்திரசேகரர் 1887-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் பிறந்தார். தந்தை சந்திரசேகர போஸ் பீகாரில் தர்பங்கா மகாராஜாவின் சமஸ்தானத்தில் பொறுப்பான பதவி வகித்தவர். ஒன்பது மக்களுள் கிரீந்திரசேகரர் கடைசிப் பிள்ளை. அண்ணன் ராஜசேகர போஸை வங்க இலக்கிய அன்பர் அனைவரும் அறிவர். இரசாயன நிபுணராக இருந்துகொண்டே ‘பரசுராம்’ என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதியவர். ‘சலந்திகா’ என்னும் வங்க அகராதியைத் தொகுத்தவரும் அவரே. விஞ்ஞானமும் இலக்கியமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ட குடும்பம் அது.

சிறு வயதிலேயே கிரீந்திரசேகரருக்கு மாயவித்தையிலும், பிறரைத் துயிலில் ஆழ்த்தும் மனவசியத்திலும் ஆசை உண்டாயிற்று. கண் காண்பது ஒன்று, நடப்பது வேறொன்று என்பதுதானே மாயவித்தையின் இரகசியம்? மனிதன் தன் மனத்தைப் பற்றி அறிந்திருப்பது ஒன்று, அம்மனத்தில் நடப்பது வேறொன்று என்ற கொள்கைக்கு அவரை ஆயத்தம் செய்தது இந்த விளையாட்டு ஆசைதானோ என்று நான் எண்ணுவதுண்டு. மாநிலக் கல்லூரியில் இரசாயனம் படித்து, பின்பு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தொழில் நன்கு நடந்தது. ஆனால் உடலில் நோய் காணாத நோயாளர் சிலர் அவரிடம் வந்த வண்ணம் இருந்தனர். அவர்களுக்கு மருந்துச் சீட்டு பயன்படவில்லை. பேச விட்டுக் கேட்டால் பயன்பட்டது. கேட்பதையே ஒரு சிகிச்சையாக அவர் பழகலானார்.

அக்காலத்தில் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புதிய துறைகளைக் கண்டு வளர்ந்து வந்தது. தத்துவப் பேரறிஞர் பிரஜேந்திரநாத சீல் முன்னமே உளவியல் ஆய்வுக்கான பாடத்திட்டத்தை வகுத்து வைத்திருந்தார். 1916-இல் உளவியல் தனித்துறையாகத் தொடங்கப் பெற்றது. இந்தியாவில் உளவியலுக்கென்று அமைந்த முதல் துறை அது. அதற்குத் தலைமை ஏற்றவர் நரேந்திரநாத சேன்குப்தா. அவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மூன்ஸ்டர்பர்க்கிடம் பயின்றவர். மூன்ஸ்டர்பர்க்கோ, 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடத்தை நிறுவிய வுண்டின் மாணவர். ஆகவே லைப்சிக்கில் ஏற்றிய விளக்கு ஹார்வர்டு வழியாகக் கல்கத்தாவுக்கு வந்தது எனலாம்.

அந்த ஆய்வுக்கூட முறையின் வலிமையை அறிய ஓர் எடுத்துக்காட்டுப் போதும். எபிங்கௌஸ் என்ற ஜெர்மானியர் நினைவாற்றலை அளக்க விரும்பினார். பொருளுள்ள சொற்களை எடுத்தால் பழக்கம் வந்து குறுக்கிடும் அல்லவா? ஆகையால் பொருளற்ற அசைகள் சுமார் 2,300 உண்டாக்கி, வரிசை வரிசையாகத் தாமே மனப்பாடம் செய்தார். சில காலம் கழித்து அவற்றையே மறுபடி கற்க எவ்வளவு முயற்சி மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கற்றபோது மிச்சமானது பாதிக்கும் குறைவு. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான். ஒரு மாதம் கழிந்தும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. மறதி முதலில் விரைந்தும் பின்பு மெதுவாகவும் வருகிறது என்ற உண்மை 1885-இல் இப்படி வெளிப்பட்டது. தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் படிக்கும் நாம் நன்றாக நினைவில் வைக்க வேண்டிய உண்மை! கடிகாரமும் பொறுமையும் இருந்தால் மனத்தின் ஒரு மூலையையேனும் எண்ணால் எழுதலாம் என்பது தெளிவாயிற்று.

தொழில் நடத்திக்கொண்டிருந்த மருத்துவர் இந்த முறையைக் கற்கவே மாணவரானார். 1917-இல் பட்டம் பெற்றதும் அத்துறையிலேயே விரிவுரையாளராக அமர்ந்தார். பகலில் கல்லூரியில் கருவிகளும் அளவுகளும். வீட்டிலோ நோயாளரின் கனவுகளும் கண்ணீரும். ஒருவரே இரண்டு உலகங்களில் நடமாடினார்.

அக்காலத்தில் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு உளப்பகுப்பு என்னும் புதுமுறையை வளர்த்து வந்தார். நோயாளி தன் உள்ளத்தில் தோன்றுவதை எல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்க வேண்டும். சொற்களின் இடையே மறைமனத்தின் சுவடு தெரியும் என்பது அதன் சாரம். கிரீந்திரசேகரருக்கு இதைக் கற்பிக்க இந்தியாவில் ஓர் ஆசிரியர் இல்லை. ஆங்கிலத்தில் கிடைத்த சிறிதளவைப் படித்தும், தம் நோயாளரிடம் கண்டதை அதனோடு ஒப்பிட்டும் தாமே கற்றுக்கொண்டார். மனிதர் எவ்வாறு கற்கிறார்கள் என்ற வினாவுக்கு அவருடைய வாழ்க்கையே ஒரு விடை போல் அமைந்திருப்பதைக் காண்க. 1921-இல், விருப்பங்கள் உள்ளத்தில் அடக்கப்படும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக்கு டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உளவியலில் அளித்த முதல் டாக்டர் பட்டம் அது.

அந்நூலைப் பிராய்டுக்கு அனுப்பி வைத்தார். தொலைதூர இந்தியாவில் தம் கொள்கையை இவ்வளவு ஆழ்ந்து பயின்ற ஒருவர் இருப்பது கண்டு பிராய்டு வியந்து மடல் எழுதினார். அதன்பின் நடந்த ஒரு நிகழ்ச்சி சுவையானது. கிரீந்திரசேகரரின் நண்பரான ஓவியர் ஜதீந்திர குமார சேன், பிராய்டின் முகத்தைக் காணாமலே, அவர் இப்படித்தான் இருப்பார் என்று கற்பனை செய்து ஒரு படம் வரைந்தார். படம் வியன்னா சென்றது. படத்தில் இருந்தவர் ஓர் ஆங்கிலேயக் கனவானைப் போல் இருந்தாராம்! பிராய்டு இதை நண்பரிடம் சொல்லி மகிழ்ந்தார்.

1922-இல் பார்சிபகான் வீட்டில் இந்திய உளப்பகுப்புச் சங்கம் பிறந்தது. உறுப்பினர் பதினைவர். அவர்களுள் பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர்கள். அகில உலகச் சங்கமும் இதைத் தன் கிளையாக ஏற்றுக்கொண்டது. அவ்வீட்டில் ‘உத்கேந்திர சமிதி’ என்ற பெயரில் நண்பர் கூட்டமும் நடந்து வந்தது. தேநீர், சதுரங்கம், சீட்டு, இலக்கியச் சர்ச்சை எல்லாம் அங்கே உண்டு. வங்காளியர் அட்டா என்று சொல்லும் அந்த அரட்டையின் அருமையைக் காபி ஹவுஸில் உட்கார்ந்து எழ மனமின்றி இருந்த நம்மவர் அனைவரும் அறிவர்.

கிரீந்திரசேகரர் பிராய்டின் கொள்கையை அப்படியே ஒப்பித்தவர் அல்லர். ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு எதிரான விருப்பமும் உடன் பிறக்கிறது என்பது அவர் சொந்தக் கொள்கை. அடிக்க விரும்பும் மனத்தில் அடிபட விரும்பும் மனமும் ஒளிந்திருக்கிறது; ஒன்று மேலே வரும்போது மற்றொன்று கீழே அமுக்கப்படுகிறது; சிகிச்சை என்பது ஏற்றப்பலகை ஆட்டம் போல இரண்டையும் மாறி மாறி வெளிக்கொணர்வது என்றார். தந்தையைப் பற்றிய அச்சம் முதலிய சிலவற்றில், ஐரோப்பிய நோயாளரிடம் பிராய்டு கண்டது தம் இந்திய நோயாளரிடம் அதே வடிவில் காணப்படவில்லை என்றும் துணிந்து எழுதினார். பிராய்டு மரியாதையோடு கேட்டுக்கொண்டார். ஆயினும் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். வியன்னாவில் ஒருவர் சில மனிதரை ஆழ்ந்து கேட்டு ஒரு முடிவுக்கு வருகிறார். கல்கத்தாவில் மற்றொருவர் வேறு சில மனிதரை அதே ஆழத்தில் கேட்டு வேறு முடிவுக்கு வருகிறார். இருவரும் நேர்மையானவர்கள், திறமையானவர்கள். யார் சொல்வது சரி? கேட்கும் முறையிலேயே இதற்குத் தீர்ப்பு இல்லை. இன்னும் நூறு பேரைக் கேட்டாலும், கேட்பவர் மனம் எதை எதிர்பார்க்கிறதோ அதுவே காதில் விழக்கூடும். தனி மனிதரை ஆழ்ந்து நோக்கும் ஆராய்ச்சிக்கு உள்ள பெருங்குறை இது. கிரீந்திரசேகரரிடம் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதை மறைப்பது முறையாகாது.

இக்குறையைத் தீர்க்க வந்தது போல் மூன்றாவது வழி ஒன்றும் அக்காலத்தில் வளர்ந்தது. அதுவே பலரை அளந்து ஒப்பிடும் வழி. 1905-இல் பாரிசில் பினே என்பவர், பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டு உதவுவதற்காக, எளிதிலிருந்து கடினம் வரை முப்பது வினாக்களை அமைத்தார். இங்கிலாந்தில் ஸ்பியர்மன் பல பாடங்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பொதுவான அறிவாற்றல் ஒன்று உண்டு என்று வாதித்தார். கல்கத்தாவிலேயே மாநிலக் கல்லூரியின் பௌதிகத் துறையில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் எண்களின் பயனைக் காட்டி வந்தார். 1931-இல் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. ஆய்வுக்கூடம், புள்ளியியல், உளப்பகுப்பு ஆகிய மூன்றும் ஒரே நகரில், நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தன என்பது நினைக்கத்தக்கது.

சேன்குப்தா லக்னோ சென்ற பிறகு, 1929 முதல் உளவியல் துறையின் தலைமை கிரீந்திரசேகரரிடம் வந்தது. உளப்பகுப்பில் தோய்ந்தவர் தலைவரானதும் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டாரா? இல்லை. அளவும் நடந்தது, கேட்டலும் நடந்தது. 1938-இல் இந்திய விஞ்ஞான காங்கிரசின் வெள்ளிவிழா கல்கத்தாவில் நடந்தபோது சுவிட்சர்லாந்திலிருந்து யூங்கும், இங்கிலாந்திலிருந்து ஸ்பியர்மனும் வந்திருந்தனர். ஒருவர் கனவை ஆராய்ந்தவர். மற்றவர் மதிப்பெண்ணை ஆராய்ந்தவர். அதே ஆண்டில் கல்வி, தொழில் முதலியவற்றுக்கு உளவியலைப் பயன்படுத்தும் தனிப்பிரிவும் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

அறிவு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். 1933-இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநோயாளருக்கு வெளிநோயாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இன்று ஆர். ஜி. கர் என்று நாம் அழைக்கும் கல்லூரியே அது. மனநோய் என்றால் மதிற்சுவருக்குள் அடைப்பது என்றிருந்த காலத்தில், காய்ச்சலுக்கு வருபவரைப் போல் மனக்கவலைக்கும் வந்து போகலாம் என்று வாயிலைத் திறந்தது பெரிய செயல். 1940-இல், அண்ணன் ராஜசேகரர் அளித்த இடத்தில், லும்பினி பார்க் மனநல மருத்துவமனையும் எழுந்தது. 1947-இல் சங்கத்தின் ஆராய்ச்சி ஏடான ‘சமீக்ஷா’ வெளிவரலாயிற்று.

இவற்றிடையே தாய்மொழியையும் அவர் மறக்கவில்லை. கனவைப் பற்றி ‘ஸ்வப்ன’ என்ற நூலை வங்க மொழியில் எழுதினார். சிவப்பு எறும்புக்கும் கறுப்பு எறும்புக்கும் நடக்கும் போரைக் குழந்தைகளுக்காக ‘லால் காலோ’ என்ற கதையாக எழுதினார். புராணங்களின் கால வரிசையை ஆராய்ந்தும் ஒரு நூல் செய்தார். உயர்ந்த விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் சொல்ல முடியுமா என்று இன்னும் ஐயுறும் நம்மவர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி என் சங்கடத்துக்குத் திரும்புகிறேன். லேக் மார்க்கெட் பகுதியில் பல தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்வதை நாம் அறிவோம். அங்கே ஒரு சிறுவனுக்கு நான் மாலையில் பாடம் சொல்லி வந்தேன். வங்க எழுத்துத் தேர்வில் அவன் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தான். மந்தமான பிள்ளை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவன் தாயார் என்னிடம், தம்பி, இவனுக்குப் படிப்பே வராதா என்று கேட்டபோது கண் கலங்கினார். என் கையில் இருந்ததும் அதே மதிப்பெண்தான். அது அந்தத் தாய்க்கு மறுமொழி சொல்லவில்லை.

ஒருநாள் அவன் எழுதிய தாள்களைப் பரப்பி வைத்து, அவனையே படிக்கச் சொல்லிக் கேட்டேன். வங்க மொழியில் ககரம் ஒன்றுக்கு நான்கு எழுத்துகள். நமக்கோ ஒன்றே ஒன்று. சொல்லின் முதலில் அதை வன்மையாக ஒலிக்கிறோம். இடையில் மென்மையாக ஒலிக்கிறோம். சிறுவன் எழுதியதும் அப்படியே இருந்தது! சொல்லின் முதலில் எங்கும் வன்மையான எழுத்து. இடையில் எங்கும் மென்மையான எழுத்து. பாட்டு என்று எழுத வேண்டிய இடத்தில் காது என்று எழுதியிருந்தான். வங்க மொழியில் அவை இரண்டு சொற்கள்; தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘கான்’ என்றே வரும். அந்த வேறுபாட்டை உங்களுக்கு இங்கே எழுதிக் காட்ட எனக்கே இயலவில்லை என்றால், எட்டு வயதுச் சிறுவனைக் குறை சொல்வது எப்படி? அவன் தவறு செய்யவில்லை. தாய்மொழி கற்பித்த விதியை வழுவாமல் பின்பற்றியிருந்தான்.

பியாஜே என்ற சுவிஸ் அறிஞரின் வரலாறு அப்போது நினைவுக்கு வந்தது. அவர் இளமையில் பாரிசில், பினே பணிபுரிந்த பள்ளி ஆய்வுக்கூடத்தில், பிள்ளைகளுக்கு வினா கேட்டு மதிப்பிடும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதே அவருக்கு இட்ட பணி. அவரோ தவறான விடைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிள்ளைகளோடு பேசலானார். குழந்தையின் சிந்தனை பற்றிய புதிய ஆராய்ச்சி அங்கே தோன்றியது. தேர்வு இல்லாவிட்டால் அத்தவறுகள் திரண்டு தெரிந்திரா. கேளாவிட்டால் அவற்றின் காரணம் விளங்கியிராது.

கிரீந்திரசேகரரின் வாழ்க்கை எனக்குச் சொல்வதும் இதுவே. எத்தனை பேர், எவ்வளவு, எவ்வளவு விரைவில் என்ற வினாக்களுக்கு அளவுகோல் வேண்டும். ஏன் என்ற வினாவுக்குச் செவி வேண்டும். செவி கண்டது ஒருவருக்கு மட்டும் உரியதா, பலருக்கும் பொதுவா என்று அறிய மறுபடியும் அளவுகோல் வேண்டும். அவருக்கும் பிராய்டுக்கும் இடையே தீராமல் நின்ற வழக்கு இந்த மூன்றாம் படி இல்லாததால் நின்றது என்பது என் துணிபு. ஆகவே என் திட்டத்தில் முதலில் அச்சிறுவனையும் இன்னும் சிலரையும் அருகிலிருந்து கேட்பது என்றும், அங்கே கண்ட விதி மற்றப் பிள்ளைகளிடமும் உண்டா என்று பின்பு தேர்வு வைத்துச் சோதிப்பது என்றும் எழுதிக் கொடுத்தேன். என் எண்ணம் பொய்த்துப் போகவும் கூடும். பொய்த்தால் பொய்த்தது என்று எழுதத்தானே ஆராய்ச்சி?

கிரீந்திரசேகர போஸ் 1953-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் காலமானார். 1931-இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளையொட்டி இந்தியச் சங்கத்தார் தந்தத்தாலான திருமால் உருவம் ஒன்றை அவருக்கு அனுப்பினர். அது இன்றும் இலண்டனில், பிராய்டு கடைசியாக வாழ்ந்த இல்லத்தில் இருக்கிறது. அதைக் காண நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்குமோ தெரியாது. பார்சிபகான் சந்து பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை அறிவியல் கல்லூரிப் பக்கம் போகும் நண்பர்கள், இராமனை நினைத்து வணங்கிய பின்பு, அச்சந்துக்குள்ளும் பத்தடி நடந்து வாருங்கள். பிறர் பேசுவதை முழுதும் கேட்பதும் ஒரு விஞ்ஞானம் என்று வாழ்ந்து காட்டிய ஒருவர் அங்கே இருந்தார்.